முன்பக்கம் பிடித்தவன்

சிவகாசியில் அடுத்த வருஷம் ஆடிப் பதினெட்டிலேயே பிறந்துவிடும். மற்ற ஊர்க்காரர்கள் ஆற்றுக்கும் கோவிலுக்கும் போகிற அன்றைக்கு, இங்கே அச்சகக்காரர்கள் புது காலண்டர் மாதிரிகளைத் தொகுத்த ஆல்பத்துக்குப் பூஜை போட்டு வெளியிடுவார்கள். அதற்கு நாலு நாள் இருக்கும்போது மல்லாங்கிணற்றில் மேஜர் லட்சுமிகாந்தத்தின் வீட்டுக்கு ஒரு மாதிரி அட்டை கூரியரில் வந்தது. பிரித்துப் பார்த்தவளுக்கு உச்சந்தலை வரைக்கும் கோபம் ஏறியது.

படம் என்னவோ பழைய படம்தான். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் வடக்கே எல்லை மலையில் சண்டை நடந்தபோது ஒரு பத்திரிகைக்காரர் எடுத்தது. காயம்பட்ட சிப்பாய் ஒருவனை ஸ்ட்ரெச்சரில் வைத்து இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போகிறார்கள். பின்பக்கம் பிடித்திருப்பது ராணுவ நர்ஸாக இருந்த லட்சுமிகாந்தம். முன்பக்கம் பிடித்திருப்பவன் செய்யது அபுதாஹிர், ஆம்புலன்ஸ் டிரைவர், சிவகாசிக்காரன். அந்தச் சண்டையில் ஐந்து வீரர்களை மீட்டதற்காக லட்சுமிகாந்தத்துக்குப் பதக்கம் கிடைத்தது. பள்ளிக்கூட ஆண்டு விழாக்களிலும் வங்கித் திறப்பு விழாக்களிலும் இந்தப் படத்தைத்தான் பெரிதாக அடித்து மேடைக்குப் பின்னால் கட்டுவார்கள்.

காலண்டர் அட்டையில் அவளை நன்றாக வெள்ளையடித்திருந்தார்கள். உதட்டுக்குச் சாயம் பூசியிருந்தார்கள். மலைக்குப் பின்னால் இல்லாத சூரியன் ஒன்று உதித்தது. அதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். முன்பக்கம் பிடித்திருந்தவனின் உடம்பு அபுதாஹிருடையது, நரம்பு புடைத்த அந்தக் கைகளும் அவனுடையவை. கழுத்துக்கு மேலே மட்டும் வேறு ஆள். முடியில் ஜெல் தடவி, புருவத்தைத் திருத்தி, பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான் மணிகண்டராஜ்.

மணிகண்டராஜ் யாரென்றால், இந்தக் காலண்டருக்கு ஆர்டர் கொடுத்த பட்டாசுக் கம்பெனி முதலாளி தங்கச்சாமியின் மகன். வயது இருபத்தெட்டு. அந்தச் சண்டை நடந்தபோது அவன் ஜட்டி போடாமல் வீட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்திருப்பான். இப்போது உள்ளாட்சித் தேர்தலில் நிற்கப்போகிறான் என்று பேச்சு.

லட்சுமிகாந்தம் அட்டையைப் பைக்குள் திணித்துக்கொண்டு விருதுநகர் பஸ்ஸைப் பிடித்தாள். அங்கிருந்து சிவகாசி பஸ். வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு வந்ததில் தாடை வலித்தது. அபுதாஹிர் செத்துப் போய் இந்த ஆடியோடு ஒரு வருஷம். மஞ்சள் காமாலை. ஐம்பத்திரண்டு வயதுதான். மண்ணுக்குள் போன ஆளின் கழுத்தில் இன்னொருவன் தலையைக் கொண்டுவந்து ஒட்டுவதற்கு எப்படித்தான் கை வந்ததோ இவர்களுக்கு.

அச்சகத்தில் தங்கச்சாமியே இருந்தார். வெள்ளை வேட்டி சட்டையில், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த அனுப்பிரியா என்ற டிசைனர் பெண்ணுக்குப் பின்னால் நின்று எழுத்தைப் பெரிதாக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வாங்க மேஜரம்மா, வாங்க. அட்டை வந்துருச்சா? எப்படியிருக்கு? நீங்க அப்படியே மகாலட்சுமி கணக்கா இருக்கீக."

"இது யாரு அண்ணாச்சி?" லட்சுமிகாந்தம் அட்டையை மேஜைமேல் போட்டு விரலால் குத்தினாள்.

"நம்ம தம்பிதான். தெரியலையா?"

"தம்பி எப்ப ராணுவத்துல இருந்தாரு?"

தங்கச்சாமி சங்கடப்பட்ட மாதிரியே தெரியவில்லை. "கம்பெனி காலண்டர்ல குடும்பத்து முகம் ஒண்ணு இருக்கணும்ல. எங்கய்யா இருந்தவரைக்கும் அவுக படம் போட்டோம். போன வருஷம் என் படம். இந்த வருஷம் தம்பி. நாடெல்லாம் போற காலண்டரு மேஜரம்மா. ஒங்க படத்தோட அவன் சேந்து நிக்கிறது எங்களுக்குப் பெருமை."

"இது அபுதாஹிரு. அவன் ஒங்க கம்பெனி வேனைத்தான் பதினாறு வருஷம் ஓட்டுனான். ஏழாயிரம்பண்ணை பட்டாசு ஆலைக்குத் தெனமும் ஆள் கொண்டுபோயி எறக்குனவன். அவனையா அண்ணாச்சி ஒங்களுக்குத் தெரியலை?"

"அட, நம்ம வேன் பாயா இது!" உண்மையாகவே ஆச்சரியப்பட்டார் மனிதர். அட்டையை எடுத்து, மகன் முகம் ஒட்டிய அந்த உடம்பைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஒருநாளும் சொல்லலையே அவன். நல்ல பய. சரி, ஒண்ணு செய்வோம். மொகம் தம்பியோடதே இருக்கட்டும். கீழ சின்னதா அந்தப் பய பேரைப் போட்டுருவோம். ரெண்டு பேருக்கும் ஆச்சு."

லட்சுமிகாந்தத்துக்கு அந்த இடத்திலேயே அவர் சட்டையைப் பிடிக்கலாம் போலிருந்தது. "என் படத்தைப் போட நான் குடுத்த சம்மதம் இதுக்கில்லை. அவன் முகம் இல்லாம இந்த அட்டை வெளியே வந்துச்சுன்னா, அந்த மேடையிலேயே நான் நாறடிச்சுருவேன்" என்று கத்தினாள். பக்கத்து அறையில் மெஷினை நிறுத்திவிட்டு ரெண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். தங்கச்சாமி, "சீசன் நேரத்துல என்னத்துக்கு இம்புட்டு சத்தம்" என்று முணுமுணுத்தபடி போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

அனுப்பிரியா மெதுவாகச் சொன்னாள். "மேடம், தலை மாத்துறது இங்க சகஜம். மொதலாளி சொன்னாக, செஞ்சேன். தப்புத்தான். பழைய படத்துல அவரு மொகம் கலங்கியிருக்கு. தெளிவா ஒரு போட்டோ கொண்டாந்து குடுங்க, நான் அவரையே போட்டுத் தாரேன். வெளியீட்டுக்கு அம்பது அட்டைதான் அடிக்கோம். பெரிய லோடு இன்னும் மெஷினுக்குப் போகலை."

அப்படியானால் ஒரு போட்டோதான் வேண்டும். அபுதாஹிரின் வீடு அங்கிருந்து நடந்து போகிற தூரம்தான். பெருநாளைக்குப் பெருநாள் பிரியாணி சாப்பிட அவள் போய்வந்த வீடு. உச்சி வெயிலில் வேகுவேகென்று நடந்தாள்.

அபுதாஹிரின் மனைவி கைருன்னிசா தரையில் உட்கார்ந்து தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். கல்லூரிக்குப் போகிற மகள் ஹாதியா வீட்டில் இல்லை. லட்சுமிகாந்தம் உட்காரக்கூடச் செய்யாமல், அட்டையைக் காட்டி நடந்ததையெல்லாம் கொட்டினாள். தங்கச்சாமியைத் திட்டினாள், அவர் மகனைத் திட்டினாள், சிவகாசியையே திட்டினாள்.

"ஒரு நல்ல போட்டோ குடு கைருன். இன்னைக்கே மாத்திடுறேன். விடமாட்டேன் நான்."

கைருன்னிசா அட்டையை வாங்கிப் பார்த்தாள். பிறகு திருப்பிக் கொடுத்தாள். "போட்டோ இல்லைக்கா."

"அங்கன இருக்கே." அலமாரிக்கு மேலே கண்ணாடிச் சட்டத்துக்குள் அபுதாஹிர் இருந்தான்.

"இருக்கு. தரமாட்டேன்னு சொல்லுதேன்."

லட்சுமிகாந்தத்துக்கு ஒன்றும் புரியவில்லை. "அவன் முகத்துல இன்னொருத்தன் முகத்தை ஒட்டியிருக்காங்கடி. ஒனக்குக் கோவமே வரலையா?"

"வருது. ஆனா மொதலாளி மேல இல்லை." கைருன்னிசா எண்ணெய்க் கிண்ணத்தை ஓரமாக வைத்தாள். "அவரு மாத்துனது தலையை மட்டுந்தான். நீங்க கதையையே மாத்திட்டீகளே அக்கா. அன்னைக்கு அந்த அஞ்சு பேரைத் தூக்க எத்தனை தடவை போனீக நீங்க? சொல்லுங்க. எங்கிட்ட சொல்லுங்க, வேற யாருமில்லை."

லட்சுமிகாந்தம் அப்போதுதான் உட்கார்ந்தாள். இந்தக் கேள்வியை இருபத்தாறு வருஷமாக ஒருவரும் அவளிடம் கேட்டதில்லை.

நடந்தது இதுதான். காயம்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு இரண்டு ஆம்புலன்ஸ்கள் மலைப்பாதையில் இறங்கிக்கொண்டிருந்தன. முன்னால் போன வண்டிமேல் குண்டு விழுந்தது. அதற்குள் ஐந்து சிப்பாய்கள். பின்னால் வந்த வண்டியை ஓட்டியவன் அபுதாஹிர், பக்கத்தில் லட்சுமிகாந்தம். இருவரும் ஸ்ட்ரெச்சரை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். முதல் ஆளைக் கொண்டுவந்து ஒரு பாறைக்குப் பின்னால் கிடத்தியதும் அடுத்த குண்டு பாதையிலேயே விழுந்தது. அதற்குப் பிறகு லட்சுமிகாந்தத்தின் கால்கள் அவள் சொல் கேட்கவில்லை. எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. "நீங்க கட்டுப் போடுங்கக்கா, நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு அபுதாஹிர் ஓடினான். ஒவ்வொருவராக முதுகில் தூக்கிக்கொண்டு வந்தான். நாலு தடவை. கடைசித் தடவை வந்தபோது அவன் சட்டையின் ஒரு கை கருகியிருந்தது. ரத்தத்தை நிறுத்தியதும் மூச்சு நிற்காமல் பார்த்துக்கொண்டதும் அவள்தான், அதில் பொய் இல்லை. ஐந்து பேரும் பிழைத்தார்கள்.

ஆனால் விசாரிக்க வந்த கர்னல் அவளிடம்தான் கேட்டார், ஏனென்றால் அதிகாரி அவள், அவன் வெறும் டிரைவர். "போனோம், கொண்டுவந்தோம்" என்றாள் அவள். அவர் எழுதியபோது "போனார், கொண்டுவந்தார்" ஆனது. ஐந்து முறை சென்று ஐந்து வீரர்களை மீட்டார் என்று தட்டச்சு செய்த தாள் வந்தபோது அபுதாஹிரை வேறு இடத்துக்கு அனுப்பியிருந்தார்கள். திருத்தச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். நினைத்தாள், அவ்வளவுதான். பிறகு பதக்கம் வந்தது. மல்லாங்கிணற்றில் மேளதாளத்தோடு ஊர்வலம் விட்டார்கள். அதற்கப்புறம் அந்த ஐந்து என்ற எண்ணை மைக்கில் அவளே சொல்லப் பழகிவிட்டாள். மறுநாள் ஹெலிகாப்டருக்கு நோயாளியைத் தூக்கிப் போகும்போது எடுத்த படத்தைக் காட்டி, குண்டுமழையில் எடுத்தது என்று எல்லாரும் சொன்னார்கள். அதையும் அவள் மறுக்கவில்லை.

"ஒரு தடவை" என்றாள் லட்சுமிகாந்தம்.

"எனக்குத் தெரியும். கல்யாணமான மறுவருசமே அவுக சொல்லிட்டாக. குறையாச் சொல்லலை. அக்கா பயந்துட்டாக, பாவம், யாருக்குத்தான் பயம் வராதுன்னாக." கைருன்னிசாவின் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் லட்சுமிகாந்தத்துக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "பன்னெண்டு வருசத்துக்கு முன்னால இங்க மண்டபத்துல ஒங்களுக்குப் பாராட்டு விழா வச்சாகளே, ஞாபகமிருக்கா? கூட்டம் சேக்க கம்பெனியில இருந்து வேன்ல ஆள் கொண்டாரச் சொன்னாக. கொண்டாந்தது இவுகதான். அன்னைக்கு சலவைச் சட்டை போட்டுக்கிட்டு, என்னையும் பிள்ளையையும் முன் சீட்டுல ஏத்திக்கிட்டாக. உள்ள எடமில்லை. வெளியே ஸ்பீக்கர் பக்கத்துல நின்னாக. இப்ப அக்கா நடந்ததைச் சொல்லுவாக பாரு, நம்ம ஊர்ல வச்சுப் பேசும்போது சொல்லாம இருக்கமாட்டாகன்னாக. நீங்க, கடவுள்தான் எனக்கு அந்தத் தைரியத்தைக் குடுத்தாருன்னீக. எல்லாரும் கை தட்டுனாக. இவுக வேனுக்குள்ள ஏறி உக்காந்துட்டாக. அன்னைக்கு ராத்திரி சாப்பிடலை. அதுக்கப்புறம் அந்தப் பேச்சையே எடுத்ததில்லை."

லட்சுமிகாந்தத்துக்கு முதலில் வந்தது அழுகையல்ல, அபுதாஹிர்மேல் ஆத்திரம். எத்தனை பெருநாள் இந்த வீட்டில் அவனெதிரே உட்கார்ந்து தின்றிருக்கிறாள்! ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை கேட்டிருக்கக்கூடாதா படுபாவி? இன்னும் கொஞ்சம் கறி வச்சுக்கோங்க என்று தட்டில் தள்ளிக்கொண்டே இருந்தானே! அந்த ஆத்திரம் எவ்வளவு கேவலமானது என்பது அடுத்த நிமிஷமே அவளுக்கு உறைத்தது. தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

"நான் சொல்லுதேன். ஆடிப் பதினெட்டு மேடையில சொல்லுதேன். எல்லாத்தையும்."

"சொல்லுங்க. அப்புறம் போட்டோ தாரேன்" என்றாள் கைருன்னிசா.

ஆடிப் பதினெட்டு அன்று மண்டபம் நிரம்பியிருந்தது. கடைக்காரர்கள், ஏஜெண்டுகள், பக்கத்து ஊர்களிலிருந்து வேனில் கொண்டுவந்து இறக்கிய பெண்கள். தங்கச்சாமி திரையை விலக்கியதும் மணிகண்டராஜின் முகத்தோடு பெரிய அட்டை தெரிந்தது. போட்டோ கிடைக்காததால் அனுப்பிரியாவால் ஒன்றும் செய்ய முடியவில்லை. லட்சுமிகாந்தம் பொன்னாடையைத் தோளில் வாங்கிய வேகத்தில் நாற்காலியில் போட்டுவிட்டு மைக் முன்னால் போனாள். அன்றைக்கு மலையில் சொல் கேட்காத கால் இந்தத் தடவை நின்றது.

"இந்தப் படத்துல முன்னால நிக்கிறது மணிகண்டராஜ் இல்லை. செய்யது அபுதாஹிருன்னு ஒருத்தன். இந்த ஊர்க்காரன். ஒங்கள்ல பாதிப் பேர் அவன் வேன்ல ஏறியிருப்பீக. என் பதக்கத் தாள்ல, நான் அஞ்சு தடவை போயி அஞ்சு பேரைக் காப்பாத்துனேன்னு இருக்கு. அது பொய். நான் போனது ஒரே ஒரு தடவை. அதுவும் அவன் முன்பக்கம் பிடிச்சதால போனேன். அதுக்கப்புறம் பயந்துபோய் பாறைக்குப் பின்னால கெடந்தேன். மிச்ச நாலு பேரை அவன் ஒத்தையில முதுகுல தூக்கிட்டு வந்தான். அந்தப் பதக்கம் அவனுக்கு வரவேண்டியது. நான் இருபத்தாறு வருஷமா ஒங்ககிட்ட பொய் சொல்லிக்கிட்டு இருக்கேன்."

லட்சுமிகாந்தம் செருப்பு வந்து விழும் என்று எதிர்பார்த்தாள். விழுந்தால் நல்லது என்றுகூட நினைத்தாள்.

முன்வரிசையில் யாரோ ஒருவர் கை தட்டினார். பக்கத்தில் இருந்தவர் தட்டினார். அப்புறம் மண்டபமே எழுந்து நின்று தட்டியது. வேனில் வந்த பெண்களில் சிலர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தங்கச்சாமி இன்னொரு மைக்கைப் பிடுங்கினார்.

"பாத்தீகளா! எம்புட்டுப் பெருந்தன்மை பாத்தீகளா! தான் செஞ்சதை ஒரு வேன் டிரைவருக்குத் தூக்கிக் குடுக்க யாருக்கு மனசு வரும்? இவுகதான் வீரத்தாயி!"

"அண்ணாச்சி, இது பெருந்தன்மை இல்லை. நான் பொய் சொல்லியிருக்கேன். காது கேக்குதா? பொய்!" லட்சுமிகாந்தம் தொண்டை கிழியக் கத்தினாள். கத்தக் கத்தக் கைதட்டல் கூடியது. மணிகண்டராஜ் ஓடிவந்து அவள் காலில் விழுந்தான். போட்டோக்காரர் இன்னொரு தடவை விழச் சொன்னார், விழுந்தான். அதற்குள் மேளம் தொடங்கிவிட்டது. மேடையிலிருந்து இறங்கியவளைச் சுற்றி நின்று மூன்று பேர் கையெழுத்துக் கேட்டார்கள். அவர்கள் நீட்டிய பேனாவைத் தட்டிவிட்டாள். மேஜரம்மா உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று அவர்கள் வழிவிட்டார்கள்.

மறுநாள் காலையிலேயே லட்சுமிகாந்தம் கைருன்னிசாவின் வீட்டுக்குப் போய்விட்டாள். இனி இந்த வீட்டில் தலையை நிமிர்த்தி உட்காரலாம் என்று ஒரு ஓரத்தில் ஆசை இருந்தது, இல்லாமலில்லை. கேட்டதைச் செய்தாயிற்று. ஆயிரம் பேர் முன்னால் சொல்லியாயிற்று.

கைருன்னிசா வாசலிலேயே நின்றாள்.

"சொல்லிட்டேன் கைருன்."

"பாத்தேன். ஹாதியா போன்ல காட்டுனா." இடுப்பிலிருந்து போனை எடுத்து நீட்டினாள். ஒரு நிமிஷ வீடியோ. லட்சுமிகாந்தம் மைக்கில் பேசுகிறாள், என்ன பேசுகிறாள் என்று காதில் விழாதபடி மேலே ஒரு பாட்டைப் போட்டிருந்தார்கள். பிறகு கூட்டம் எழுந்து தட்டுகிறது, மணிகண்டராஜ் காலில் விழுகிறான். தியாகத்தின் சிகரம் என்று எழுத்து மின்னியது. அபுதாஹிரின் பெயர் எங்கும் இல்லை.

"நான் எல்லாத்தையும் சொன்னேன். பேரைச் சொன்னேன், பொய்யின்னு சொன்னேன். அவங்க கேக்கலைன்னா நான் என்ன செய்யட்டும்?"

"கை தட்டுனாகளே அக்கா. அது யாருக்கு?"

தெருவில் கம்பெனி வேன் ஒன்று ஆட்களை ஏற்றிக்கொண்டு ஹாரன் அடித்தபடி கடந்து போனது.

"எனக்கு" என்றாள் லட்சுமிகாந்தம்.

"அப்ப இன்னும் சொல்லி முடியலை" என்றாள் கைருன்னிசா. "போங்க. போயிச் சொல்லிட்டு வாங்க."

வாங்க என்றும் சொல்லவில்லை, உட்காருங்க என்றும் சொல்லவில்லை. லட்சுமிகாந்தம் கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.